கண்ணாடிக்குப் பின்னால் ஓவியம்: விடுமுறை நாளில் கேமராவோடு

கலை அருங்காட்சியகத்துக்குக் கேமராவோடு போகிற பலரும் வெளிச்சம் போதாதே என்றுதான் கவலைப்படுவார்கள். அதைச் சமாளித்துவிடலாம். படத்தைக் கெடுப்பது பெரும்பாலும் ஓவியத்துக்கு முன்னால் இருக்கும் கண்ணாடிதான்.

வெளிச்சக் கணக்கை முதலில் முடித்துவிடுவோம். காகிதத்தில் வரைந்த நீர்வண்ண ஓவியங்கள் வெளிச்சத்தில் வெளிறிப்போகும் என்பதால் அந்த அறைகளில் 50 லக்ஸ் (வெளிச்சத்தின் அலகு) அளவுக்குத்தான் விளக்கு வைப்பார்கள். எண்ணெய் வண்ண ஓவியம் 200 லக்ஸ் வரை தாங்கும். 50 லக்ஸில் லென்ஸ் திறப்பு எஃப் 2.8, ஷட்டர் வேகம் 1/50 நொடி என்றால், ஒளி உணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓ 2000 தேவை. 200 லக்ஸில் 500 போதும். கேமராவோடு வரும் கிட் லென்ஸ் எஃப் 5.6-க்கு மேல் திறக்காது என்றால் இந்த ஐஎஸ்ஓவை நான்கால் பெருக்கிக்கொள்ளுங்கள். நாய்ஸ் (படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரிவது) வந்தால் வரட்டும், கை ஆடிய படத்தைத்தான் காப்பாற்ற முடியாது. ஃபிளாஷும் டிரைபாடும் பெரும்பாலான இடங்களில் தடை.

இனி கண்ணாடி. நேர் எதிரே நின்றால் உங்கள் சட்டையும், பின்னால் நிற்கும் விடுமுறைக் கூட்டமும் ஓவியத்துக்குள் வந்து உட்கார்ந்துவிடும். இருண்ட ஓவியமென்றால் இன்னும் மோசம். கறுப்புச் சட்டை போடுங்கள், கேமராவின் வெள்ளை எழுத்துகள் மேல் கறுப்பு டேப் ஒட்டுங்கள். கதவு திறந்ததும் கடைசிக் கூடத்துக்குப் போய்விட்டால் முதல் அரைமணி நேரம் பின்னால் ஆள் இருக்காது. பிரதிபலிப்பைக் குறைக்கும் போலரைசர் ஃபில்டரை நம்பிப் போகாதீர்கள். கண்ணாடிக்கு நேர் எதிர்க் கோட்டிலிருந்து சுமார் 55 டிகிரி விலகிப் பார்க்கும்போதுதான் அது நன்றாக வேலை செய்யும். நேர் எதிரே எவ்வளவு திருகினாலும் பயனில்லை. போதாக்குறைக்கு ஒன்றரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாகும்) வெளிச்சத்தையும் விழுங்கும்.

அதைவிட, இரண்டடி பக்கவாட்டில் நகர்வது மேல். பிரதிபலிப்பு சட்டத்தைத் தாண்டும் இடத்தில் எடுங்கள். ஓவியம் ஒருபக்கம் ஒடுங்கித் தெரியும், மென்பொருளில் நிமிர்த்திவிடலாம். நிமிர்த்தும்போது ஓரம் வெட்டுப்படும், ஆகவே சுற்றிலும் தாராளமாக இடம் விடுங்கள்.

பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கும் மோனா லிசா வெறும் 77 × 53 செ.மீ.தான், அதுவும் கண்ணாடிக்குள், கூட்டத்துக்கு அப்பால். அப்படிப்பட்ட ஓவியத்துக்கு நல்ல அச்சுப் படம் வாங்கிக்கொள்வதே புத்திசாலித்தனம்.

சத்தம் வரக்கூடாதென்று எலெக்ட்ரானிக் ஷட்டர் (ஷட்டர் அசையாமல் சென்சாரே படமெடுக்கும் முறை) போடுகிறவர்களுக்கு வேறொரு தொல்லை. எல்இடி விளக்குகள் துடிப்பதால் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும். கேமராவின் சின்னத் திரையில் இது கண்ணில் படாது, பெரிதாக்கிப் பாருங்கள். மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் உள்ள நாடுகளில் ஷட்டர் வேகம் 1/50 அல்லது 1/100, 60 ஹெர்ட்ஸ் என்றால் 1/60 அல்லது 1/120 வையுங்கள். அப்படியும் போகாவிட்டால் மெக்கானிக்கல் ஷட்டர்தான் வழி.

வெள்ளைப் பளிங்குச் சிலையைக் கேமரா சாம்பலாக்கிவிடும். எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) +1 வரை ஏற்றுங்கள். கறுப்புப் பின்னணி ஓவியத்துக்கு −1 வரை இறக்குங்கள்.

ஒவ்வொரு ஓவியத்தையும் எடுத்த கையோடு பக்கத்திலிருக்கும் பெயர்ச்சீட்டையும் எடுத்துவிடுங்கள். ஓவியர் பெயரும் ஆண்டும் கிடைக்கும். அதே விளக்கின் கீழ் இருக்கும் வெள்ளைச் சீட்டு என்றால், வீட்டில் ஒயிட் பேலன்ஸ் (விளக்கால் வரும் நிறச் சாயல்) சரிசெய்ய அதன் மேல் ஒரு கிளிக் போதும்.