வாசல் கேமராவுக்கு மட்டும் நெட்டை நிறுத்துவது: செய்து பார்த்ததில் தெரிந்தவை

வாசலில் மாட்டிய வைஃபை கேமராவின் படம் வீட்டு ஹார்டு டிஸ்க்கில் பதிவாக வேண்டும், வீட்டில் இருக்கும் போனில் தெரிய வேண்டும். ஆனால் கேமரா வெளியே எந்த சர்வரோடும் பேசக் கூடாது. வேலை இவ்வளவுதான். ரௌட்டரில் விதி எழுத ஐந்து நிமிடம் போதும். எழுதிய விதி நிஜமாகவே தடுக்கிறதா என்று பார்த்து ஓட்டைகளை அடைப்பதில்தான் ஒரு மாலை முழுக்கப் போகும்.

முதலில் கேமரா இதற்கு ஒத்துவருமா என்று பார்த்துவிடுங்கள். கம்பெனி ஆப் வழியாக மட்டுமே படம் காட்டும் மலிவு கேமராக்கள் உண்டு. அவற்றில் நெட்டை நிறுத்தினால், பக்கத்து அறையில் இருந்துகூடப் படம் வராது. கம்பெனி ஆப் இல்லாமலே வீட்டு நெட்வொர்க்கில் படத்தைக் கொடுக்கும் ஆர்டிஎஸ்பி அல்லது ஓன்விஃப் வசதி இருந்தால் பிரச்சினை இல்லை. கம்ப்யூட்டரில் விஎல்சி வீடியோ பிளேயரைத் திறந்து கேமராவின் ஆர்டிஎஸ்பி முகவரியைக் கொடுங்கள். வழக்கமாக 554ஆம் போர்ட். படம் ஓடினால் மேலே போகலாம்.

அடுத்து மேக் முகவரி, அதாவது ஒவ்வொரு நெட்வொர்க் இணைப்புக்கும் உள்ள தனி அடையாள எண். ரௌட்டர் பட்டியலில் பாதிக் கருவிகளுக்குப் பெயரே இருக்காது. கேமராவின் பிளக்கைப் பிடுங்கி, எந்த வரி காணாமல் போகிறது என்று பார்ப்பதுதான் நம்பகமான வழி. பழைய வரி கொஞ்ச நேரம் அப்படியே நிற்கும். பக்கத்தை ரிஃப்ரெஷ் செய்து பொறுமையாகப் பாருங்கள். கேமராவில் லேன் போர்ட்டும் இருந்தால் அதற்கு வேறு மேக் முகவரி, வைஃபைக்கு வேறு. ஸ்டிக்கரில் ஒன்றுதான் அச்சிட்டிருப்பார்கள். இடையில் வைஃபை ரிப்பீட்டர் இருந்தால் இன்னும் வம்பு: பல ரிப்பீட்டர்கள் தமக்குப் பின்னால் உள்ள எல்லாக் கருவிகளையும் தம் மேக் முகவரியிலேயே காட்டும். அதைத் தடுத்தால் அந்தப் பக்கத்து அறை முழுக்க நெட் போய்விடும்.

மேக் கிடைத்ததும், ரௌட்டரில் ஐபி முகவரிகளைப் பிரித்துக் கொடுக்கும் டிஎச்சிபி பகுதியில் அதற்கு ஒரு ஐபியை நிரந்தரமாக ஒதுக்குங்கள், உதாரணமாக 192.168.1.60.

இப்போது விதி. நெட் கம்பெனி கொடுக்கும் ஃபைபர் மோடம்களில் மேக் ஃபில்டர் என்ற பெயர் இரண்டு இடத்தில் வரலாம். வைஃபை மெனுவில் இருப்பது கேமராவை வைஃபையிலிருந்தே வெளியேற்றிவிடும். நமக்கு வேண்டியது செக்யூரிட்டி அல்லது ஃபயர்வால் மெனுவில் இருப்பது. அதில் பிளாக்லிஸ்டா வொயிட்லிஸ்டா என்று இரண்டு முறை பார்த்துவிட்டுச் சேமியுங்கள். வொயிட்லிஸ்ட் முறையில் கேமராவை மட்டும் சேர்த்தால், கேமராவுக்கு மட்டும் நெட் இருக்கும், வீட்டில் மற்ற யாருக்கும் இருக்காது! அந்தப் பதற்றத்தில் ரீசெட் துளையில் ஊசியைச் செருகிவிடாதீர்கள். இணைப்பின் யூசர் பெயர், விலான் எண் எல்லாம் அழிந்து, கஸ்டமர் கேருக்குப் போன் போட வேண்டி வரும். லேன் கேபிளைச் செருகி, மோடத்தின் செட்டிங்ஸ் பக்கமான 192.168.1.1-க்குள் போய்த் திருத்தப் பாருங்கள்.

ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற இலவச மென்பொருள் ஓடும் ரௌட்டரில் நெட்வொர்க், ஃபயர்வால், டிராஃபிக் ரூல்ஸ் என்று போய், சோர்ஸ் ஸோன் லேன் (வீட்டுப் பக்கம்), டெஸ்டினேஷன் ஸோன் வேன் (வெளிப் பக்கம்), சோர்ஸ் மேக்கில் கேமரா முகவரி, புரோட்டோகால் எனி, ஆக்‌ஷன் ரிஜெக்ட். புரோட்டோகாலை டிசிபி, யுடிபி என்றே விட்டால் பிங் மட்டும் வெளியே போய்க்கொண்டிருக்கும்.

சேமித்த பிறகும் ஆப்பில் படம் ஓடும். விதி தவறு என்று நினைத்து எல்லாவற்றையும் மாற்றத் தொடங்குவது இங்கேதான். ஏற்கெனவே நிறுவப்பட்ட இணைப்புகளை ஃபயர்வால் முதலிலேயே அனுமதித்துவிடுகிறது. புதிய இணைப்புகளுக்குத்தான் விதி பொருந்தும். ரௌட்டரையும் கேமராவையும் ஒருமுறை அணைத்துப் போடுங்கள்.

அதற்குப் பிறகும் வெளியே போனால் காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. ஒன்று ஐபிவி6, 192.168 என்று தொடங்கும் முகவரியோடு கருவிக்குக் கூடவே கிடைக்கக்கூடிய புது வகை முகவரி. 192.168.1.60-ஐ மட்டும் தடுத்த விதி ஐபிவி6-ஐத் தொடவே தொடாது. அதனால்தான் ஐபியை விட மேக் முகவரியில் தடுப்பது மேல். மோடத்தில் அதற்கு வழியில்லை என்றால் லேன் பக்கத்தில் ஐபிவி6-ஐ நிறுத்துவதுதான் மிச்சம். இரண்டாவது யுபிஎன்பி, கருவி கேட்டால் ரௌட்டர் தானாகவே போர்ட்டைத் திறந்துவிடும் வசதி. கேமரா தனக்குத் தானே ஒரு போர்ட்டைத் திறந்துகொண்டால், வெளியிலிருந்து வரும் இணைப்புக்குப் பதில் அனுப்புவது ‘நிறுவப்பட்ட இணைப்பு’ என்ற பெயரில் தப்பிவிடும். ரௌட்டரிலும் கேமராவிலும் யுபிஎன்பி-யை அணைத்துவிடுங்கள்.

மோடத்தில் உருப்படியான மெனுவே இல்லையா? கேமராவின் நெட்வொர்க் செட்டிங்ஸில் ஐபியைக் கையால் கொடுத்து, கேட்வே (வெளியே போகும் வழியான ரௌட்டரின் முகவரி) இடத்தில் வீட்டில் யாருக்கும் இல்லாத ஒரு முகவரியைப் போடுங்கள், 192.168.1.250 மாதிரி. வீட்டுக்குள் எல்லாம் வேலை செய்யும்; ஐபிவி6-ஐயும் நிறுத்தியிருந்தால் வெளியே போக வழி இருக்காது. கேமரா சொன்னபடி கேட்கும் என்று நம்பித்தான் இதைச் செய்கிறோம். அதனால் இது இரண்டாம் பட்சம்தான்.

சோதனை இரண்டு போதும். போனில் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் ஆப்பைத் திறந்தால் ஆஃப்லைன் என்று வர வேண்டும். வீட்டு வைஃபையில் விஎல்சியில் படம் ஓட வேண்டும்.

சில நாளில் இன்னொன்று தெரியவரும்: நெட்டில் நேரம் பார்க்க முடியாததால் கேமராவின் கடிகாரம் விலகத் தொடங்கும். கரண்ட் போய் வந்தால் சில கேமராக்கள் 1970 ஜனவரி 1-க்கே போய்விடும்; பதிவுகள் அந்தத் தேதியில் சேரும், தேடினால் கிடைக்காது. ஓப்பன்டபிள்யூஆர்டியில், நேரம் சொல்லும் என்டிபி சர்வரை இயக்கி, கேமராவில் நேர சர்வராக 192.168.1.1 என்று கொடுங்கள். ரௌட்டரோடு பேசுவதை நம் விதி தடுக்காது. மோடத்தில் அந்த வசதி இல்லை என்றால், என்டிபி பயன்படுத்தும் 123ஆம் யுடிபி போர்ட்டை மட்டும் அனுமதிக்கும் விதியை ரிஜெக்ட் விதிக்கு மேலே வையுங்கள். கீழே வைத்தால் பயனில்லை.

இதே முறையில் பையனின் போனைத் தடுக்க நினைத்தால் வேறு தொல்லை. ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் போன்கள் வைஃபைக்குப் போலி மேக் முகவரியைக் காட்டும். முகவரியின் இரண்டாவது எழுத்து 2, 6, ஏ (A), ஈ (E) இவற்றில் ஒன்றாக இருந்தால் அது போலி. நெட்வொர்க்கை மறக்கச் சொல்லிவிட்டு மறுபடி சேர்ந்தால் சில போன்களில் அது மாறிவிடும்.

கேமராவுக்கு ஃபர்ம்வேர் அப்டேட் வந்தால் விதியைப் பத்து நிமிடம் அணைத்து, முடிந்ததும் மறுபடி போட்டு, கேமராவை ரீஸ்டார்ட் செய்து, மொபைல் டேட்டா சோதனையை இன்னொரு முறை பாருங்கள். அப்டேட்டுக்குப் பிறகு யுபிஎன்பி-யும் கேட்வேயும் பழைய நிலைக்குத் திரும்பியிருக்கலாம்.