கீமோ முடிந்தது, இனி என்ன சாப்பிடலாம்?

சிகிச்சை முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது எல்லோரும் டாக்டரிடம் கேட்கிற கடைசிக் கேள்வி, "சாப்பாட்டில் ஏதாவது பத்தியம் உண்டா சார்?" என்பதுதான். "அதெல்லாம் ஒன்றும் இல்லை, எல்லாம் சாப்பிடலாம்" என்று ஒரு வரியில் பதில் வரும். வெளியே காத்திருக்கிற கூட்டம் அவருக்கு. ஆனால் அந்த ஒரு வரியை நம் ஆட்கள் நம்புவதே இல்லை, பத்தியம் சொல்லாதவர் என்ன வைத்தியர்? ஆகவே டாக்டர் விட்ட இடத்தை அத்தை, பெரியம்மா, பக்கத்து வீட்டு அக்கா, வாட்ஸ்அப் என்று ஆளாளுக்கு நிரப்பத் தொடங்குவார்கள். கோழி சூடு, கருவாடு ஆகாது, முட்டை சாப்பிட்டால் புண் ஆறாது, பால் கட்டியை வளர்க்கும், சர்க்கரை விஷம், சோயா பக்கமே போகாதே. எல்லாவற்றையும் கழித்துவிட்டுப் பார்த்தால் மிஞ்சுவது ரசம் சாதமும் இளநீரும்தான்.

எங்கள் குடும்பத்தில் அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய், சித்தப்பாவுக்கு வாய்ப் புற்றுநோய். ஒரே தெருவில் இரண்டு வீடு, சமையல் பெரும்பாலும் என் கையில். அம்மாவுக்கு ஆபரேஷன், கீமோ, கரண்ட் (கதிர்வீச்சு) மூன்றும் முடிந்து இப்போது ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைக் குறைக்கிற லெட்ரோசோல் மாத்திரை ஓடுகிறது. சித்தப்பாவுக்கு ஆபரேஷனும் கரண்டும். நான் டாக்டரோ டயட்டீஷியனோ இல்லை. ஆனால் இந்த இரண்டு தட்டுகளையும் நிரப்பிக்கொண்டே படித்தது, மருத்துவமனை டயட்டீஷியனிடம் நோட்டுப் போட்டு எழுதிக்கொண்டு வந்தது எல்லாம் சேர்ந்து எனக்கு ஒரு தீர்மானமான கருத்து வந்துவிட்டது: புற்றுநோயைக் கொல்வது அடுப்படியின் வேலை இல்லை. மருந்தும் கத்தியும் கரண்டும் அடித்துப்போட்ட உடம்பைத் தூக்கி நிறுத்துவதுதான் அடுப்படியின் வேலை. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் இத்தனை பத்தியமும்.

முதலில் புரதம். கீமோ காலத்தில் உடம்பு கரைகிறது என்கிறோமே, அதில் கணிசமான பங்கு தசை. படி ஏறினால் மூச்சு வாங்குவது, குளித்துவிட்டு வந்தாலே படுக்கத் தோன்றுவது, இதிலெல்லாம் தசை போனதற்கும் பங்கு உண்டு. ஐரோப்பிய ஊட்டச்சத்து மருத்துவர்களின் அமைப்பான எஸ்பென், புற்றுநோயாளிகளுக்கு ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 1 கிராமுக்குக் குறையாமல், முடிந்தால் 1.5 கிராம் வரை புரதம் வேண்டும் என்கிறது. அம்மா 55 கிலோ. அப்படியானால் 55 முதல் 80 கிராம் வரை.

இப்போது பத்தியத் தட்டைக் கணக்குப் போடுவோம். காலையில் இரண்டு இட்லி, 4 கிராம். பதினோரு மணிக்கு இளநீர், அதில் ஒரு கிராம்கூட இல்லை. மதியம் ரசம் சாதம், ஏறக்குறைய 5. சாயங்காலம் சாத்துக்குடி ஜூஸ், கணக்கிலேயே வராது. ராத்திரி அரிசிக் கஞ்சி, ஒரு 3. மொத்தம் 15 கிராமைத் தாண்டவில்லை. வயிறு நிறைந்திருக்கிறது, "நன்றாகச் சாப்பிடுகிறார்கள்" என்று எல்லோரும் சொல்கிறார்கள், உடம்பு மட்டும் தன் தசையையே பிய்த்துத் தின்றுகொண்டிருக்கிறது.

இதை மாற்ற வெளிநாட்டுப் பவுடர் டப்பா எதுவும் தேவைப்படவில்லை. காலையில் மூன்று இட்லி, தண்ணீர் போல் இல்லாமல் பருப்பு கெட்டியாகக் கிடக்கிற சாம்பார், ஒரு அவித்த முட்டை. நடுவில் ஒரு டம்ளர் பாலில் சத்துமாவு. கேப்பை, பாசிப்பயறு, பொட்டுக்கடலை, வேர்க்கடலை எல்லாம் தனித்தனியாக வறுத்து மில்லில் கொடுத்து அரைத்தது, கடையில் விற்பது பலதில் சர்க்கரைதான் முன்னால் நிற்கிறது. மதியம் சாதத்தைக் கொஞ்சம் குறைத்து, பருப்பும் மீனும். மீன் நூறு கிராமில் 18 முதல் 20 கிராம் புரதம் இருக்கிறது. மீன் வராத நாளில் முட்டைக் குழம்பு. சாயங்காலம் கொண்டைக்கடலைச் சுண்டல், ராத்திரி அடை, தொட்டுக்கொள்ளத் தயிர். கூட்டிப் பார்த்தால் 65 கிராம் பக்கத்தில் வந்துவிடுகிறது. சைவக்காரர்கள் உளுந்து, பன்னீர், மீல்மேக்கர் என்று இதே கணக்குக்கு வந்துவிடலாம், கொஞ்சம் மெனக்கெட வேண்டும், அவ்வளவுதான். ஒன்று மட்டும், சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் இந்த அளவை டாக்டரிடம் கேட்காமல் எடுக்கக் கூடாது.

சரி, தட்டில் வைத்தால் சாப்பிட வேண்டுமே! கீமோ நாட்களில் பெரிய எதிரி வாசனை. கடுகு வெடிக்கிற சத்தம் கேட்டாலே அம்மா எழுந்து பின்கட்டுக்குப் போய்விடுவார். சுடச்சுட இருக்கிற சாப்பாட்டிலிருந்துதான் வாசனை அதிகம் கிளம்பும் என்பதால், தாளிப்பு எல்லாவற்றையும் அம்மா தூங்குகிற நேரத்தில் முடித்துவிட்டு, ஆறிய இட்லி, தயிர் சாதம் என்று வைப்பேன். எவர்சில்வர் ஸ்பூன் வாயில் வைத்தால் இரும்பை நக்குவது போல் இருக்கிறது என்றதும் மர ஸ்பூனுக்கு மாறினோம். அப்புறம் இன்னொரு விஷயம், நிறைய பேருக்குத் தெரியாதது: குமட்டல் உள்ள நாட்களில் ரொம்பப் பிடித்த பண்டத்தைச் செய்து கொடுக்காதீர்கள். குமட்டலையும் அந்தப் பண்டத்தையும் மூளை சேர்த்து முடிச்சுப் போட்டுவிடும், பிறகு அவிழ்ப்பது கஷ்டம். கீமோ நாளெல்லாம் சாத்துக்குடியாகப் பிழிந்து கொடுத்ததில், அம்மா இன்றைக்கும் பழக்கடை வாசலில் மூக்கைப் பொத்திக்கொள்கிறார்.

சித்தப்பாவின் கதை முற்றிலும் வேறு. வாயில் கரண்ட் வைக்கும்போது உமிழ்நீர்ச் சுரப்பிகளும் அடிபடும். புண் ஆறினாலும் வாய் வறண்டே கிடக்கும், சிலருக்கு வருஷக்கணக்கில். தாடையும் இறுகிவிட்டது, இரண்டு விரல் நுழைகிற அளவுக்குக்கூட வாய் திறக்காது. ஆறடி மனிதர், மேஜை மேல் குழந்தைக்குப் புகட்டுகிற பாலாடையை வைத்துக்கொண்டு அதில்தான் பாசிப்பருப்புக் கஞ்சியை ஓரமாக ஊற்றிக் குடிப்பார். பிடிவாதக்காரர், வேறு யாரும் புகட்ட விடமாட்டார். அவருக்கு ஒவ்வொரு வாயிலும் சத்தை ஏற்ற வேண்டியிருந்தது, ஏனென்றால் வாய் எண்ணிக்கையே குறைவு. குழைய வடித்த சாதம், பருப்பு, ஒரு கரண்டி நெய், மிக்ஸியில் ஒரு சுற்று. கஞ்சியில் தேங்காய்ப்பால். ரசத்தில் மிளகும் புளியும் பாதிக்கும் கீழே. அரைவேக்காடு இல்லாமல் முழுதாக வெந்த முட்டையை நசுக்கி வெண்ணெய் சேர்த்து. தினமும் சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் கால் டீஸ்பூன் சமையல் சோடாவும் அதில் பாதி உப்பும் போட்டு வாய் கொப்பளிப்பு. உமிழ்நீர் இல்லாத வாயில் பல் சீக்கிரம் சொத்தையாகும், கரண்ட் வைத்த தாடையில் பல் பிடுங்குவதோ ஆபத்தான வேலை, எலும்பு ஆறாமல் போகலாம். அதனால் வாயில் அதக்கிக்கொள்கிற கருப்பட்டி மிட்டாய், தேன் எல்லாம் அவருக்கு நிறுத்தம். பல் டாக்டரிடம் போகும்போது கரண்ட் வைத்ததைச் சொல்ல மறக்கக் கூடாது.

கவனித்தீர்களா, சித்தப்பாவுக்குக் கரண்டி கரண்டியாகப் போகிற நெய் அம்மாவுக்குக் கிடையாது. மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பிறகு பலருக்கு எடை ஏறுகிறது, மாத்திரை, மாதவிடாய் நிற்பது, நடமாட்டம் குறைவது எல்லாம் சேர்ந்து. தசை குறைந்து கொழுப்பு கூடினால் எடை மிஷினில் அது தெரியவும் தெரியாது. "பாவம், நோய்ப்பட்டவள்" என்று தினம் ஒரு ஸ்வீட் ஊட்டினால் அது உபசாரம் இல்லை. லெட்ரோசோல் எலும்பையும் பலவீனமாக்கும், ஆகவே அம்மாவுக்குக் கால்சியத்தில் கண் வைக்கிறேன்: நூறு கிராம் கேப்பையில் 350 மில்லிகிராம் அளவுக்கு இருக்கிறது, முள்ளோடு மெல்லுகிற நெத்திலி, பால், மோர். வைட்டமின் டி மட்டும் ரத்தப் பரிசோதனை பார்த்து டாக்டர் சொன்ன அளவு. வயிற்றில் புற்றுநோய் வந்து இரைப்பையை எடுத்தவர்களுக்கு இதெல்லாம் பொருந்தாது. அவர்களுக்கு ஒரு நாளில் ஆறு ஏழு சின்னச் சாப்பாடு, இனிப்புப் பானம் தவிர்ப்பு, காலத்துக்கும் பி12 ஊசி. இன்னொருவர் தட்டைப் பார்த்து உங்கள் தட்டை நிரப்பாதீர்கள்.

இப்போது சர்க்கரை. ஜெர்மானிய விஞ்ஞானி ஓட்டோ வார்பர்க் 1920களிலேயே கண்டது, புற்றுச் செல்கள் குளுக்கோஸை அள்ளி அள்ளி எரிக்கின்றன என்று. புற்றுநோய் எங்கெங்கே இருக்கிறது என்று பார்க்கிற பெட் ஸ்கேன் வேலை செய்வதே அதை வைத்துத்தான். அதிலிருந்து "சர்க்கரையை நிறுத்தினால் புற்றுநோய் பட்டினி கிடந்து சாகும்" என்று ஒரே தாவு தாவிவிட்டார்கள். உடம்பின் எல்லாச் செல்லுக்கும் குளுக்கோஸ் வேண்டும், நீங்கள் சாப்பிடாவிட்டால் கல்லீரல் தசையின் புரதத்தை உடைத்தாவது அதைச் செய்து கொடுக்கும். சோற்றையே நிறுத்தினால் முதலில் பட்டினி கிடப்பது நோயாளிதான். அதற்காக ஜிலேபிக்கு வக்காலத்து வாங்கவில்லை, எடையும் சுகரும் ஏறாமல் இருக்கக் குறைக்கத்தான் வேண்டும்.

முள் சீத்தாப்பழம் கீமோவைவிடப் பத்தாயிரம் மடங்கு சக்தி என்கிற செய்தி உங்களுக்கும் வந்திருக்கும். சோதனைக் குழாயில் செல்லைக் கொல்வதும் மனிதனைக் குணப்படுத்துவதும் வேறு வேறு. அந்தச் செடியில் இருக்கிற அன்னோனாசின் என்ற பொருள் நரம்புகளைப் பாதிக்கக் கூடியது, கரீபியன் தீவான குவாதலூப்பில் பார்கின்சன் போன்ற நோயோடு அதைத் தொடர்புபடுத்தி ஆய்வுகள் உண்டு. எப்போதாவது ஒரு பழம் சாப்பிடுவது வேறு, இலையைக் கொதிக்கவைத்துத் தினம் குடிப்பது வேறு. இலையில் மருந்தே இல்லை என்று நான் சொல்லவில்லை. நம் வீட்டு வாசலில் பூக்கிற நித்தியகல்யாணியிலிருந்துதான் வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின் என்ற இரண்டு கீமோ மருந்துகளும் வந்தன, அவை உயிர் காக்கிற மருந்துகள். ஆனால் அளவு தப்பினால் ஆளைத் தூக்கிவிடும், அதனால்தான் மில்லிகிராம் கணக்கில் ஊசியில் ஏற்றுகிறார்கள். அந்தச் செடியைக் கிள்ளி மிக்ஸியில் போடச் சொல்கிற வீடியோவும் உலவுகிறது, என்னத்தைச் சொல்ல.

சத்து மாத்திரைக்கும் இதே புத்திதான். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,000 பேரை வைத்து, நுரையீரல் புற்றுநோயைத் தடுக்கும் என்று நம்பி பீட்டா கரோட்டின் மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். 1994இல் முடிவு வந்தது: மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகம். கேரட்டில் இருக்கும்போது நல்ல பிள்ளையாக இருந்த அதே பொருள்தான். குழம்பில் போடும் மஞ்சளுக்கும், அதிலிருந்து பிரித்துக் குப்பியில் அடைத்த குர்க்குமினுக்கும் உள்ள வித்தியாசமும் அதுதான். குர்க்குமின் மாத்திரையால் கல்லீரல் கெட்டவர்கள் உண்டு. எதை விழுங்குவதாக இருந்தாலும் கேன்சர் டாக்டரிடம் காட்டிவிட்டு விழுங்குங்கள்.

சோயா பயம் பற்றி ஒரு வார்த்தை. ஷாங்காயில் மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட 5,000க்கும் மேற்பட்ட பெண்களைத் தொடர்ந்து கவனித்து 2009இல் வெளியிட்டார்கள். சோயா உணவு அதிகம் சாப்பிட்டவர்களுக்கு நோய் திரும்புவது கூடவில்லை, குறைவாகவே இருந்தது. மீல்மேக்கர் எங்கள் வீட்டுக்குத் தைரியமாகத் திரும்பி வந்தது அப்படித்தான். ஆட்டுக்கறி வாரம் ஒரு நாள், அளவோடு. சாசேஜ், பேக்கன் வகையறாவை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய்ப் பிரிவு 2015இல் புற்றுநோய் உண்டாக்குபவை என்றே வகைப்படுத்திவிட்டது, நம் வீடுகளில் அது பெரிதாக இல்லாததால் விட்டுவிடுகிறேன்.

கிருமியை எதிர்க்கிற வெள்ளையணுவின் கவுண்ட் ரத்தத்தில் இறங்கிக் கிடக்கிற நாட்களில் மட்டும் நான் கண்டிப்பு. வெட்டி வைத்த பழம், கடைச் சட்னி, காய்ச்சாத பால், நேற்றைய குழம்பு எதுவும் கிடையாது. பழமாக இருந்தால் கழுவி, தோல் உரித்து, அப்போதே வெட்டியது.

இன்னொன்று, சாப்பாட்டோடு நடையும் சேரவில்லை என்றால் சாப்பிட்ட புரதம் முழுப் பலனோடு தசையாக மாறாது. 2025இல் வெளிவந்த ஓர் ஆய்வில், பெருங்குடல் புற்றுநோய்க்குக் கீமோ முடித்தவர்களில் மூன்று வருடம் முறையாக உடற்பயிற்சி செய்த குழுவில் 80 சதவீதம் பேர் ஐந்தாவது வருடத்தில் நோய் திரும்பாமல் இருந்தார்கள், வெறும் அறிவுரைப் புத்தகம் வாங்கிக்கொண்டு போன குழுவில் 74 சதவீதம். அம்மாவுக்கு ஜிம் எல்லாம் வராது, தெரு முனைக் கோயில் வரை போய் இரண்டு பிரகாரம் சுற்றிவிட்டு வருவார், திரும்பி வரும் வழியில் சித்தப்பாவையும் கிளப்பிக்கொண்டு.

பார்க்க வருகிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம். ஆப்பிளும் சத்துபான டப்பாவும் எங்கள் வீட்டில் அலமாரி நிறைய இருக்கிறது. ஒரு அட்டை முட்டை வாங்கி வாருங்கள், இல்லாவிட்டால் அரை கிலோ வேர்க்கடலை. அதுவும் முடியாவிட்டால் சாயங்காலம் வந்து கோயில் வரை கூட நடந்துவிட்டுப் போங்கள், வழியில் யாருக்கும் பத்தியம் சொல்லாமல்.