காற்றாடிமலையில் அணைந்த மெழுகுதிரி

ஆரல்வாய்மொழியில் பஸ்ஸை விட்டு இறங்கியதுமே காற்று சேலையைப் பிடித்து இழுத்தது. சுற்றிலும் காற்றாலைகள். மலைக்குக் காற்றாடிமலை என்று பெயர் வைத்தவர்கள் பொய் சொல்லவில்லை.

நானும் சித்தியும் புனித தேவசகாயம் வாழ்ந்து மடிந்த இடங்களைப் பார்க்கக் காலையிலேயே கிளம்பி, முதலில் புலியூர்குறிச்சியில் முட்டிடிச்சான் பாறைக்குப் போயிருந்தோம். எருமை மேல் பின்பக்கம் பார்த்து உட்காரவைத்து, கழுத்தில் எருக்கம்பூ மாலை போட்டு ஊர் ஊராக இழுத்துப்போன நாட்களில், தாகம் தாங்காமல் தேவசகாயம் முழங்கையால் இடிக்கத் தண்ணீர் ஊறிய பாறை என்று அதைச் சொல்கிறார்கள். பக்கத்திலேயே உதயகிரிக் கோட்டை. உள்ளே டிலனாயின் கல்லறை. 1741-இல் குளச்சல் போரில் தோற்று மார்த்தாண்ட வர்மாவிடம் சிக்கிய டச்சுக் கம்பெனிப் படைக்காரர், அப்புறம் அதே ராஜாவின் படைக்குப் பயிற்சி கொடுத்தார். அரண்மனை ஊழியரான நீலகண்டன் வீட்டுக் கஷ்டத்தில் நொந்திருந்தபோது பைபிளில் வரும் யோபுவின் கதையைச் சொன்னவரும் அவர்தான். 1745 மே 14-ஆம் தேதி வடக்கன்குளத்தில் நீலகண்டன் ஞானஸ்நானம் பெற்றார். அப்போது அவருக்கு வைத்த லாசர் என்ற பெயரின் தமிழ்தான் தேவசகாயம்.

1749-இல் கைது. மூன்று வருஷம் சிறை, அடி, புண்ணில் மிளகாய்ப்பொடி. கிறிஸ்தவத்தை விட்டுவிடுகிறேன் என்று எழுதிக்கொடுத்தால் விட்டிருப்பார்கள். அவர் எழுதிக்கொடுக்கவில்லை. இதை நான் முக்கியமாக நினைக்கிறேன். பணிந்துபோனார் என்று பிரசங்கத்தில் சொல்வதைக் கேட்டால், எல்லாவற்றுக்கும் தலையாட்டியவர் போல ஒரு எண்ணம் வந்துவிடுகிறது. அடியைத்தான் வாங்கிக்கொண்டார், பொய்யை வாங்கிக்கொள்ளவில்லை.

நான் ஏன் போனேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் வேலை பார்த்த இடத்தில் கணக்கில் பணம் குறைந்தது. எடுத்தவர் என்மேல் பழியைப் போட்டார். ஆறு மாதம் கழித்து உண்மை தெரிந்தது, ஆனால் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. "அவன மன்னிச்சுரு மக்கா" என்று சித்தி வாரம் தவறாமல் சொல்வாள். எனக்கு எரிச்சல்தான் வரும்.

அந்த எரிச்சலோடுதான் பெருவிளைக்கும் போனேன். தேவசகாயத்தைச் சங்கிலியில் கட்டிவைத்திருந்த வேப்பமரத்தின் இடம் அது. காவல் காத்த ஆராச்சாருக்கு, அதாவது மரண தண்டனை நிறைவேற்றுகிறவருக்கு, பிள்ளையில்லை. தேவசகாயம் ஜெபித்து ஒரு வேப்பிலையைக் கொடுத்தார், பிள்ளை பிறந்தது என்பது ஊர்க்கதை. அற்புதத்தை விடுங்கள். தன்னைக் கட்டிவைத்தவனின் வீட்டுக் குறை அவருக்கு எப்படிக் காதில் விழுந்தது? என்மேல் பழி போட்டவனுக்கு எத்தனை பிள்ளைகள் என்றுகூட எனக்குத் தெரியாது.

காற்றாடிமலையில், 1752 ஜனவரி 14-ஆம் தேதி சுட்டுக்கொல்லப்படுவதற்கு முன் அவர் முழந்தாளிட்டதாகக் காட்டும் பாறையில் குழிகள் இருக்கின்றன. மணியடிச்சான் பாறையைக் கல்லால் தட்டினால் மணிபோலக் கேட்கிறது. நானும் சின்னப்பிள்ளை மாதிரி நாலு முறை தட்டினேன். 2022-இல் ரோமில் புனிதர் பட்டம் கொடுத்தபோது டிவியில் பார்த்து அழுத சித்தி, இங்கே அழவில்லை. பையிலிருந்து இரண்டு மெழுகுதிரி எடுத்தாள்.

"ஒண்ணு நமக்கு. இன்னொண்ணு அவனுக்கு."

எங்களுடையது எப்படியோ எரிந்தது. அவனுடையதைக் காற்று மூன்று முறை அணைத்தது. எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷம்தான்.

"கோட்டாறு கோயிலுக்குள்ள காத்து கெடையாது, அங்க கொளுத்து" என்றாள் சித்தி, விடாமல்.

சாயங்காலம் கோட்டாறு சவேரியார் கோயிலில், அவரை அடக்கம் செய்த இடத்தருகே, அந்தக் கருகிய திரியைப் பற்றவைத்தேன். ஜெபம் எதுவும் வரவில்லை. பெயரை மட்டும் சொன்னேன்.