வெள்ளி, கிரிஸ்டல், ஜெம்

அக்டோபர் 20, திங்கள், தீபாவளி

அக்கா வீட்டில் மதியச் சாப்பாடு. அங்பாவ் (பண்டிகை அன்பளிப்புப் பணம்) உறைகளைப் பிரித்து எண்ணி முடித்த கையோடு அக்கா மகள் என்னிடம் வந்தாள். "மாமா, காசு தர்றேன். உங்க கார்டுல டாப் அப் பண்ணித் தர்றீங்களா?" ஜென்ஷின் இம்பேக்ட் என்ற வீடியோ விளையாட்டுக்காம். அம்மாவிடம் கேட்டாயா என்றேன். "நீங்க கேளுங்க மாமா."

சரி, முதலில் கணக்கைக் காட்டு, அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லிவைத்தேன்.

அக்டோபர் 22, புதன்

இரவு போனிலேயே கணக்கு. காசு கொடுத்தால் கிடைப்பது ஜெனிசிஸ் கிரிஸ்டல். அதை ஒன்றுக்கு ஒன்று பிரைமோஜெம்மாக மாற்றலாம். 160 பிரைமோஜெம்முக்கு ஒரு விஷ், அதாவது ஒரு குலுக்கல். அந்தக் குலுக்கல் எத்தனை வெள்ளி (டாலர்) என்று கேட்டால், ஏ-மேத்ஸ் (கூடுதல் கணிதம்) படிக்கிற பிள்ளை திருதிருவென்று விழிக்கிறாள். விழிக்கட்டும் என்றுதானே இத்தனை பெயர் வைத்திருக்கிறார்கள்.

மிகச் சின்னப் பொதியில் 60. மூன்று வாங்கினால் 180, ஒரு குலுக்கல் போக 20 மிச்சம். 99.99 அமெரிக்க டாலர் பெரிய பொதியில் கொசுறு 1,600ஐயும் சேர்த்து 8,080. ஐம்பது குலுக்கல் போக 80 மிச்சம். அரைக் குலுக்கல் கிடையாது. சில்லறை இல்லை என்று மிட்டாய் நீட்டும் கடைக்காரர்கூட அந்த மிட்டாயைத் தின்ன விடுவார். இந்த மிச்சத்தை வைத்துக்கொண்டு அடுத்த பொதியைத்தான் வாங்கலாம்.

அக்டோபர் 25, சனி

அவள் கேட்பது ஓர் ஐந்து நட்சத்திரக் கதாபாத்திரம். ஒரு குலுக்கலில் ஏதோ ஓர் ஐந்து நட்சத்திரம் விழவே 0.6 விழுக்காடுதான் வாய்ப்பு. 90க்குள் ஏதோ ஓர் ஐந்து நட்சத்திரம் நிச்சயம், ஆனால் அது வேறு ஆளாகவும் இருக்கலாம். அப்படிப் போனால் அடுத்த முறை கேட்ட ஆளே வரும். ஆக, மோசமாகப் போனால் 180 குலுக்கல், 28,800 பிரைமோஜெம். முதல் தடவை வாங்கும் பொதிக்கு இரட்டிப்பு உண்டு, அதையும் சேர்த்தே மூன்று பெரிய பொதி வேண்டும். 300 அமெரிக்க டாலர்.

"அவ்ளோ மோசமா போகாது மாமா. விளையாடினாலே ஃப்ரீயா ஜெம் வரும்." அதுவும் உண்மைதான். ஆனால் இலவசமாக வந்ததும் காசுக்கு வாங்கியதும் ஒரே குவியலில் கிடக்கின்றன. எதைச் செலவழித்தோம் என்று யார் பார்க்கப் போகிறார்கள்?

அக்டோபர் 28, செவ்வாய்

பாஸ்வேர்டு கொடுத்தால் பாதி விலையில் ஏற்றித் தருகிறேன் என்று யாரோ இவளுக்கு மெசேஜ் அனுப்பியிருக்கிறான். பிளாக் செய்யச் சொன்னேன்.

2025 ஜனவரியில் அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான எஃப்டிசி இந்த விளையாட்டின் நிறுவனத்தோடு செய்த சமரசத்தைப் படித்தேன். 20 மில்லியன் டாலர் அபராதம். 16 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் சம்மதம் இல்லாமல் குலுக்கல் விற்கக் கூடாது, நேரே காசுக்கு வாங்கவும் வழி வேண்டும், மாற்று விகிதத்தை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். புதன் இரவு நான் மண்டையை உடைத்துக்கொண்ட அதே கணக்கு! அந்த நிறுவனமான ஹோயோவெர்ஸின் தலைமையகம் இருப்பதென்னவோ இங்கே சிங்கப்பூரில். உத்தரவு அமெரிக்காவுக்கு. இவளுக்கு வயது 15.

நவம்பர் 1, சனி

அக்கா ஒருவழியாகச் சம்மதித்தாள், வெல்கின் மூன் என்ற மாதப் பொதி மட்டும். 4.99 அமெரிக்க டாலர். உடனே 300, பிறகு முப்பது நாளைக்குத் தினம் 90. மொத்தம் 3,000. இருப்பதிலேயே மலிவு இதுதான், ஆனால் உள்ளே போகாத நாளின் 90 திரும்ப வராது. மலிவாகக் கொடுத்துவிட்டு ஆளைத் தினமும் வரவழைக்கிறார்கள்.

கட்டினேன். காசை எண்ணிக் கொடுத்துவிட்டு நேரே அவள் அப்பாவிடம் போனாள். மாதக் கடைசியில் ஈப்போ போகிறோமே, பாட்டி வீட்டில் வைஃபை போட்டாச்சா என்று கேட்கிறாள்.