பில் இல்லாத இன்னோவாவும் டைமிங் பெல்ட்டும்

செகண்ட் ஹேண்டில் ஒரு பழைய டீசல் இன்னோவா வாங்கினேன். எஞ்சினுக்குள் பிஸ்டனையும் வால்வையும் ஒரே தாளத்தில் ஓடவைக்கும் பல் வைத்த ரப்பர் பட்டைதான் டைமிங் பெல்ட். அதை மாற்றியாச்சா என்று கேட்டதற்கு, "மாத்தியிருப்பாங்க சார், டி-பெல்ட் லைட்டே எரியலையே" என்றார் புரோக்கர். பெல்ட்டை மாற்றச் சொல்லி டேஷ்போர்டில் எரியும் அந்த லைட், பெல்ட்டைப் பார்த்து எரிவதில்லை. ஓடிய கிலோமீட்டரை எண்ணி எரிகிறது. பெல்ட்டைத் தொடாமலே ரீசெட் செய்துவிடலாம். பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றுதான் அர்த்தம். ஆர்.சி. என் பெயருக்கு வருவதற்குள் வண்டி மெக்கானிக்கிடம் போய்விட்டது.

இந்த 2.5 லிட்டர் எஞ்சினில் ஓட்டத்தில் பெல்ட் அறுந்தால் வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் நின்றுவிடும்; பிஸ்டன்களோடு இணைந்த கிராங்க் மட்டும் சுற்றும். மேலே வரும் பிஸ்டன் திறந்து நிற்கும் வால்வை இடிக்கும். அப்புறம் எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டைக் கழற்ற வேண்டியதுதான்.

பெல்ட்டோடு அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், அது உருண்டு ஓடும் ஐட்லர் பேரிங் எல்லாம் சேர்த்தே வாங்கச் சொன்னார் மெக்கானிக். பேரிங் சிக்கிக்கொண்டால் புது பெல்ட்டும் போய்விடும் என்பதால் அதில் மிச்சம் பிடிக்கவில்லை. கவரைத் திறந்து பழைய பெல்ட்டை மடக்கிக் காட்டினார்: பல்லுக்கு அடியில் மெல்லிய விரிசல்கள். ரப்பர் அல்லவா, வண்டி ஷெட்டில் நின்றாலும் வயதாகும்.

மாற்றுவதில் நேரம் பிடித்தது, எல்லாம் சரியான இடத்தில் நிற்கிறதா என்று மார்க் பார்ப்பதில்தான். புல்லிகளின் மார்க்கைச் சேர்த்து பெல்ட்டை மாட்டினார். டென்ஷனரை அமுக்கி, அது அமுங்கியே இருக்கச் சொருகியிருந்த ஆலன் கீயைக் கடைசியில் உருவினார். உடனே ஸ்டார்ட் செய்யவில்லை. ஸ்பேனர் போட்டு கிராங்கைக் கையாலேயே இரண்டு முழுச் சுற்று சுற்றினார். அப்போதுதான் கேம் ஒரு சுற்று முடித்துப் பழைய இடத்துக்கு வரும். மார்க் சரியாக வந்து நின்றது. ஒரு பல் தள்ளியிருந்தால் இங்கேயே தெரிந்திருக்கும். இதைச் செய்யாமல் சாவியைத் திருப்பும் மெக்கானிக்கிடம் நான் வண்டி விடமாட்டேன்.

2016இல் வந்த இன்னோவா கிறிஸ்டாவின் 2.4 டீசலில் பெல்ட்டுக்குப் பதில் செயின். மைத்துனர் அதை வைத்துக்கொண்டு, "எனக்கு இந்தத் தலைவலியே இல்லை" என்கிறார். பாதி உண்மை. செயினுக்கு மாற்றும் கெடு கிடையாது, ஆனால் அது ஆயிலில் ஓடுவது. ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போட்டால் செயின் தேய்ந்து நீளும், டென்ஷனர் தளரும். காலையில் முதல் ஸ்டார்ட்டில் கடகடவென்று சத்தம் கேட்டால் சந்தேகப்பட வேண்டும். அந்தச் சத்தமாவது செயினில் கிடைக்கும்; பெல்ட் பெரும்பாலும் சொல்லாமலே அறும். இப்போது கிலோமீட்டரும் தேதியும் எழுதிய ஸ்டிக்கர் பானெட்டுக்கு உள்ளே இருக்கிறது, பில் ஆர்.சி.யோடு இருக்கிறது.