காணாமல் போன திருப்புளி

நேற்று எங்கள் பழைய விமானத் தரைப்பணிக் குழுவினர் ஆறு பேர் சந்தித்தோம். விமானிகள் கூடினால் வானத்தைப் பற்றிப் பேசுவார்கள்; நாங்கள் கூடினால் காணாமல் போன ஸ்பேனர்களைப் பற்றித்தான்.

வழக்கம்போல முதலில் என் மானம்தான் கப்பலேறியது. பணியில் சேர்ந்த முதல் வாரம், “ஸ்டோருக்குப் போய் ஒரு வாளி புராப் வாஷ் வாங்கி வா” என்றார் சார்ஜென்ட். வாளியோடு போனேன். ஸ்டோர்காரர் முகத்தில் சிரிப்பே இல்லை. “தீர்ந்துவிட்டது, அடுத்த ஹேங்கரில் கேள்” என்றார். விமானங்கள் நிற்கும் மூன்று ஹேங்கர் ஏறி இறங்கிய பிறகுதான் தெரிந்தது, அது சுழலும் புரொப்பெல்லர் பின்னால் தள்ளுகிற வெறும் காற்று என்று!

அதே சார்ஜென்ட்டுக்கும் ஒரு நாள் வந்தது. மாலையில், கருவிகளை மாட்டி வைக்கும் கருவிப் பலகையைச் சரிபார்த்தால் ஒரு திருப்புளியின் இடம் காலி. பலகையில் வரைந்த அதன் நிழல் மட்டும் எங்களை முறைத்துக்கொண்டிருந்தது. கருவி கிடைக்காமல் விமானம் நகராது. அது எஞ்சினுக்குள் போனால் உள்ளே சுழலும் தகடுகள் சின்னாபின்னமாகிவிடும். டார்ச்சும் கையுமாக, எஞ்சினுக்குக் காற்று போகும் ஏர் இன்டேக்குக்குள் தவழ்ந்தோம். விமானியின் இருக்கையைக்கூடக் கழற்றினோம். நள்ளிரவு தாண்டி, களைத்துப்போன சார்ஜென்ட் பூட்ஸைக் கழற்றியபோது காலுறைக்குள்ளிருந்து ‘டிங்’ என்று விழுந்தது.

யாரும் சிரிக்கவில்லை. அவர் போன பிறகு விடியும்வரை சிரித்தோம்.

மறுநாள் கருவிப் பலகையில் யாரோ ஒரு காலுறையின் வடிவத்தையும் வரைந்து வைத்திருந்தார்கள். அந்த யாரோ நான்தான் என்று நேற்றுதான் ஒப்புக்கொண்டேன்.