சிட்டு வெளியே போகப் பழகியது: ஏழு வாரக் குறிப்பு

எங்கள் நாய்க்குட்டி சிட்டு வீட்டுக்கு வந்தபோது அவளுக்கு 9 வாரம். முதல் நாளே கூடத்தில் மூன்று இடம், படுக்கையறையில் ஒரு இடம் என்று அசுத்தம் செய்துவிட்டாள். குட்டிதானே என்று துடைத்துவிட்டேன். நான்காம் நாளும் அப்படியே போகவும், ஒரு நோட்டில் நேரம் குறிக்க ஆரம்பித்தேன். சாப்பிட்டது, தூங்கி எழுந்தது, ஒன்றுக்குப் போனது, இரண்டுக்குப் போனது, எல்லாமே.

ஒரு வாரம் கழித்துப் படித்தால் விஷயம் தெளிவாகத் தெரிந்தது. வீட்டுக்குள் போன 11 தடவையில் 8 தடவை, தூங்கி எழுந்த ஐந்து நிமிடத்துக்குள். மற்றவை சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில். வயிற்றில் சாப்பாடு விழுந்ததும் குடல் அசையத் தொடங்கும், குட்டியால் அதை அடக்க முடியாது. நானோ மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவைதான் வெளியே தூக்கிப் போயிருக்கிறேன்.

இரண்டாம் வாரம் மாற்றினேன். விழித்திருந்தால் முக்கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை. அது போக எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும். தடுப்பூசி முடியாததால் தெருவில் இறக்கவில்லை. முற்றத்தில் ஒரே மூலைதான். போய் முடித்த அந்த நொடியே, அங்கேயே, வேகவைத்த கோழித் துண்டு. முன்பெல்லாம் உள்ளே வந்த பிறகு கொடுத்தேன். உள்ளே வந்ததற்குத்தான் பரிசு என்று அவள் நினைத்திருப்பாள்.

மூன்றாம் வாரம்தான் என்னை ரொம்பக் குழப்பியது. முற்றத்தில் இருபது நிமிடம் மோப்பம் பிடிப்பாள், ஓடுவாள், ஒன்றுக்கு மட்டும் போகமாட்டாள். உள்ளே வந்த இரண்டாவது நிமிடம் தரையில் குளம். நோட்டைத் திரும்பத் திரும்பப் பார்த்த பிறகுதான் புரிந்தது. அவள் போய் முடித்ததும் உடனே உள்ளே தூக்கி வந்துவிடுவது என் வழக்கம். ஒன்றுக்குப் போனால் வெளியே இருக்கும் சந்தோஷம் முடிந்துவிடும் என்று அவளுக்கு நானேதான் கற்றுக்கொடுத்திருக்கிறேன். அப்புறம் வரிசையைத் திருப்பினேன். முதலில் வேலை, அதன்பின் பத்து நிமிடம் பந்து. போகவில்லையா, சரி, உள்ளே வந்து கயிற்றோடு என் பக்கத்திலேயே இருக்கட்டும். பத்து நிமிடத்தில் மறுபடி வெளியே. நான்கே நாளில் பழகிவிட்டாள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முதல் வாரம் ஒரு தடவை சத்தம் போட்டுத் திட்டிவிட்டேன். அதன்பின் அவள் சோபாவுக்குப் பின்னால் ஒளிந்து போக ஆரம்பித்தாள். மனிதர் கண்முன் போவது ஆபத்து என்பதைத் தவிர அவளுக்கு வேறெதுவும் புரியவில்லை. முற்றத்திலும் என்னைப் பார்த்துத் தயங்கினாள். அது மனதை உறுத்தியது. அதன்பிறகு, போகும்போதே பார்த்தால் சத்தமில்லாமல் தூக்கிக்கொண்டு வெளியே போவேன். நேரம் கழித்துப் பார்த்தால் துடைப்பதோடு சரி.

துடைப்பதிலும் ஒரு பாடம். அம்மோனியா கலந்த திரவத்தின் வாசனை நாய்க்கு மூத்திர வாசனை போலவே இருக்கும், அதே இடத்துக்கு மறுபடி வரும். மூத்திர வாசனையைச் சிதைக்கும் நொதி (என்சைம்) கலந்த திரவத்துக்கு மாறியபின் கூடத்து மூலையை அவள் மறந்துவிட்டாள்.

இரவுக்குக் கூண்டு. நின்று, திரும்பி, நீட்டிப் படுக்கும் அளவுதான். பெரிதாக இருந்தால் ஒரு ஓரத்தில் போய்விட்டு மறு ஓரத்தில் தூங்கும். 2 மணிக்கு அலாரம் வைத்து, விளக்குப் போடாமல், பேசாமல், வெளியே போய்த் திரும்புவோம்.

ஐந்தாம் வாரம் திடீரென்று ஒரே நாளில் ஆறு இடத்தில் சொட்டுச் சொட்டாகப் போனாள். பழக்கம் கெட்டுவிட்டதோ என்று பயந்தேன். கால்நடை மருத்துவரிடம் காட்டினால், சிறுநீர்த் தொற்று. மருந்து முடிந்ததும் சரியாகிவிட்டது. நன்றாகப் பழகிய குட்டி இப்படிச் செய்தால் முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள்.

இப்போது ஏழாம் வாரம். ஒன்பது நாளாக வீட்டுக்குள் ஒன்றுமில்லை. நேற்று அவளாகவே கதவருகே போய் உட்கார்ந்து என்னைத் திரும்பிப் பார்த்தாள். நோட்டில் அதற்கு மட்டும் இரண்டு கோடு போட்டு வைத்தேன். மழை பெய்தால்தான் இன்னும் ஈரத் தரையில் காலை வைக்க மறுக்கிறாள். நாளைக்கு மூலையில் ஒரு தகரக் கூரை போட்டுப் பார்க்கப் போகிறேன்.